பாட்டின் முகம்

இசை செவிக்குரியது, ஆயினும், அதனைக் கண்ணுக்கும் உரியதாக்கிப் போற்றியது தமிழர் மரபு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இதற்குத் தக்க சான்றாகும். மாதவி அரங்கேறுமுன் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். ஆடியவளின் அழகு, பாட்டுக்குத் துணைநின்றோரை மறைத்துவிடவில்லை.

திரை தோன்றிய பின்னர் இந்நிலை மாறிற்று. தொடக்கத்தில் பாடத் தெரிந்தவரே நடித்தனர். 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலும் முகமும் ஒருவருடையனவே. ஆனால், 1938இலேயே 'நந்தகுமார்' படத்தில் தலைகாட்டிய பின்னணிப் பாடல் முறை, நாளடைவில் குரலையும் முகத்தையும் பிரித்துவிட்டது.

1965இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் சவுக்கேந்திப் பாடும் காட்சியை அறியாதார் இலர். வரிகள் வாலியுடையவை, இசை விசுவநாதன் – இராமமூர்த்தியுடையது, குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது. மக்கள் நெஞ்சில் நிலைத்ததோ எம்.ஜி.ஆரின் தோற்றம். எளியோரைக் காக்க வந்த வீரன் என்னும் படிமத்தை இத்தகைய பாட்டுக் காட்சிகள் வளர்த்தன. 1972இல் தனிக்கட்சி கண்டு, 1977இல் அவர் தமிழக முதல்வரானதில் அப்படிமத்திற்கும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

அப்படிமம் கடல் கடந்தும் சென்றது. மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், நாற்சந்தி என்னும் பொருளுடைய பெயர் தாங்கிய ஊர் சிம்பாங் அம்பாட். அவ்வட்டாரத்துத் தமிழர் வாழ்வு இரப்பர்த் தோட்டங்களில் வேரூன்றியது. மலாயாத் தோட்டங்களில் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டுவது வழக்கமாயிருந்தது. கங்காணியின் அதட்டலுக்கு அஞ்சி வாழ்ந்தோரின் வழிவந்தவர்களுக்கு அச்சவுக்கு வெறும் நடிப்பாகத் தோன்றியிராது. எனினும், அவர்கள் லயங்களில் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் திரை ஏறவில்லை. பாட்டும் அவர்களிடம் இருந்தது, முகமும் இருந்தது, படக்கருவிதான் அவர்பக்கம் திரும்பவில்லை.

1981இல் அமெரிக்காவில் எம்.டி.வி. தொலைக்காட்சி தொடங்கியபின், திரைப்படத்தைச் சாராத இசைக்காணொளி உலகெங்கும் பரவிற்று. மலேசியாவில் யோகி பி – நட்சத்திரா குழுவினர் 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டனர். 1980இல் வந்த 'நிழல்கள்' படப் பாடலொன்றை அவர்கள் சொல்லிசையாக மறுவார்ப்புச் செய்தபோது, நடிகர் எவரையும் நாடவில்லை. தம் முகத்தையே பாட்டின் முகமாக்கினர். பிரிந்த குரலும் முகமும் மீண்டும் கூடின.

2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' இன்னும் ஒரு படி முன்சென்றது. தீயும் அறிவும் பாடிய இதற்குச் சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். அவர் வாழ்வே பாட்டின் ஊற்று. காணொளியில் அம்மூதாட்டியே தோன்றுகிறார். தோட்டத் தொழிலாளியின் முகம் பாட்டின் முகமாயிற்று.

ஆனால், அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு, தீயையும் வேறொரு கலைஞரையும் அட்டையில் வெளியிட்டது. அறிவு அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்தபின், அறிவின் படம் தாங்கிய அட்டையும் வெளியாயிற்று. ஒரு பாட்டுக்கு எவர் முகம் காட்டப்படுகிறதோ அவரே அதற்கு உரியவராகக் கருதப்படுகிறார் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவுறுத்துகிறது.

காட்சி, பாட்டை விளக்கும் அணிகலன் மட்டுமன்று. அது பாட்டின் உரிமைப் பத்திரமும் ஆகும். தோட்டங்கள் செம்பனைக்கும் தொழிற்சாலைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டு மறைந்துவரும் இந்நாளில், தோட்டப் பாடல்களைத் தொகுக்கும் மாணவர் சொற்களை மட்டும் ஏட்டில் எழுதி அமைதல் போதாது. பாடியவரின் பெயரையும் ஊரையும் முகத்தையும் உடன் பதிதல் வேண்டும். இளங்கோவடிகள் யாழாசிரியனுக்கும் குழலோனுக்கும் செய்த சிறப்பு, பால்மரம் சீவிய பாட்டிக்கும் உரியதே.