அச்சில் பிறந்த கண்ணாடி

மாணவர்களே, அமெரிக்க நாட்டின் பழம்பொருட் சந்தைகளிலே உள்ளங்கையளவான கண்ணாடித் தட்டுகள் சில விலைக்குக் கிடைப்பதுண்டு. அறியாதார் அவற்றை விளையாட்டுப் பொருள் என எண்ணுவர். அறிந்தாரோ வெளிச்சத்தில் பிடித்து நுணுகி நோக்குவர். அவர்கள் தேடுவது யாது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தேநீரைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அப்போது ஈரக் கோப்பையால் மேசைவிரிப்பு கறைபடாதிருக்க, அதனை வைப்பதற்கென்றே இச்சிறு தட்டுகள் எழுந்தன.

அதற்கு முன்னர், பூவேலை செறிந்த கண்ணாடிப் பாத்திரம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. ஊதுவோர் ஊதி உருவாக்க, செதுக்குவோர் சக்கரத்தில் தீட்டி அழகு செய்தனர். 1820-களில் இந்நிலை மாறிற்று. உருகிய கண்ணாடிக் குழம்பை உலோக அச்சிலிட்டு, நெம்புகோலால் அழுத்தும் முறை பரவியது. வடிவமும் பூவேலையும் ஒருங்கே அமைந்தன. 1825-இல் டெமிங் ஜார்வ்ஸ் என்பார் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாண்ட்விச் என்னும் ஊரில் நிறுவிய தொழிற்சாலை இத்துறையில் பெரும் புகழ் எய்தியது.

குளிர்ந்த அச்சு பட்டதும் கண்ணாடியின் மேற்பரப்பு சுருங்கி மங்கும். அக்குறையை மறைக்கவே பின்னணி முழுவதும் நுண்புள்ளிகளை நிரப்பினர். அதனால் தோன்றிய சரிகைப்பின்னல் போன்ற அழகே இன்று பெரிதும் விரும்பப்படுகிறது!

1864-இல் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் வில்லியம் லெய்ட்டன் என்பார், ஈயம் சேராத மலிவான கண்ணாடிக் கலவையைச் செம்மைப்படுத்தினார். எளிய குடும்பத்து மேசைக்கும் கண்ணாடிக் கிண்ணம் வந்தது. ஆனால் அம்மலிவே சாண்ட்விச் ஆலைக்குக் கடும் போட்டியாயிற்று. தொழிலாளருடன் ஏற்பட்ட பிணக்கும் சேர, 1888-இல் அதன் உலைகள் அணைந்தன. ஊரார் பலர் பிழைப்பிழந்தனர்.

இனிச் சந்தைக்குத் திரும்புவோம். அச்சின் பகுதிகள் பொருந்திய இடத்திலே மெல்லிய கோடு ஒன்று தெரியும். செதுக்கிய கண்ணாடியின் விளிம்பு கூர்மையாகவும், அழுத்திய கண்ணாடியின் விளிம்பு மழுங்கியும் இருக்கும். ஈயக் கண்ணாடிக் கிண்ணத்தை மெல்லத் தட்டினால் மணியோசை எழும். ஈயமில்லாதது அவ்வாறு ஒலிக்காது. எனினும் பழைய வடிவங்களைப் பிற்காலத்தாரும் வார்த்துள்ளமையால், ஓர் அடையாளத்தை மட்டும் நம்பிக் காலத்தைத் துணிதல் கூடாது. அடிப்பாகத்தின் இயல்பான தேய்மானம் முதலியவற்றையும் ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும்.

மன்னர்தம் பொருள்களை அரண்மனைகள் காத்தன. பெயரறியாத குடும்பங்கள் நாள்தோறும் கையாண்ட பொருள்களுக்கோ அத்தகைய காவல் இல்லை. அவற்றுள் உடையாது எஞ்சிய சிலவே இன்று சந்தைக்கு வருகின்றன. அவற்றையும் வரலாற்றுச் சான்றாகக் கற்றல் நம் கடனாகும்.