பர் நகரும் அதன் பழம் நினைவுகளும்

அயர்லாந்துத் தீவின் ஏறத்தாழ நடுப்பகுதியில், ஒஃபலிக் கோட்டத்தில், காம்கோர், சிறு புரொஸ்னா என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் பர் என்னும் சிறு நகர் அமைந்துள்ளது. அங்கு வாழ்வோர் சில ஆயிரம் பேரே. தலைநகராகிய டப்ளினைக் கண்டு திரும்புவோர் பலர் இவ்வூரின் பெயரையும் கேட்டறியார். எனினும், மரபுரிமை நகர் எனப் போற்றப்படும் இவ்வூரின் வீதிகளில் ஒருமுறை நடந்து செல்பவர், ஆண்டோர் வரலாறும் ஆளப்பட்டோர் வரலாறும் அருகருகே நிற்கும் காட்சியைக் காண்பர்.

இவ்வூரின் பழம்பெருமை கிறித்தவ மடம் ஒன்றிலிருந்து தொடங்குகின்றது. ஆறாம் நூற்றாண்டில் பிரெண்டன் என்னும் துறவி இங்கே மடம் நிறுவினார். கி. பி. 697 ஆம் ஆண்டு, அயோனாத் தீவின் மடாதிபதியாகிய அடம்நான் என்பார், அரசரும் குருமாரும் கூடிய பேரவையில் ஒரு சட்டத்தை இவ்வூரிலேயே வெளியிட்டார். போர்க்காலத்திலும் பெண்டிர், சிறுவர், குருமார் ஆகியோரைக் கொல்லலாகாது என்பதும், மீறினோர் கடுந்தண்டம் ஏற்க வேண்டும் என்பதும் அதன் சாரமாம். அதற்குப் பிணை நின்றோர் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர். படைக்கலம் ஏந்தாத குடிமக்களைப் போரில் காப்பதற்கென உலக நாடுகள் ஜெனீவாவில் தனி உடன்படிக்கை செய்தது 1949 ஆம் ஆண்டிலேயே. அதற்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக, ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் அவ்வெண்ணம் சட்டவடிவு பெற்றமை வியத்தற்குரியது. அம்மடத்தின் தலைவராக விளங்கிய மக்ரெகோல் எழுதிய அழகிய சுவிசேஷச் சுவடி இன்று ஒக்ஸ்போட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

பின்வந்த காலம் வேறு. ஒகரோல் என்னும் ஐரியக் குறுநிலத் தலைவர்களின் பிடியிலிருந்த இந்நிலம், ஆங்கிலேயரின் குடியேற்றத் திட்டத்தின்கீழ் 1620 ஆம் ஆண்டில் லோறன்ஸ் பார்சன்ஸ் என்பாருக்கு வழங்கப்பட்டது. ஊரின் பெயரும் மாறிற்று. நீர்வளம் மிக்க இடம் என்னும் பொருள்தரும் பழம் ஐரியப் பெயர் பின்தள்ளப்பட்டு, நிலக்கிழார் பெயரால் 'பார்சன்ஸ்டவுன்' என்பது வழங்கலாயிற்று. கோட்டமோ 'அரசர் கோட்டம்' எனப்பட்டது. மரநிழல் படர்ந்த அகன்ற சாலைகளும், ஒழுங்குற நிற்கும் மாடிவீடுகளும் அந்நிலக்கிழார் குடும்பத்தின் காலத்தில் எழுந்தவையே.

நகரின் நடுச்சதுக்கத்தில் ஓர் உயர்ந்த கற்றூண் நிற்கின்றது. அதன் உச்சியில் சிலை இல்லை. ஸ்கொத்லாந்தில் 1746 ஆம் ஆண்டு நிகழ்ந்த கலோடன் போரில் வென்று, கொடுமையால் இகழ்பெயர் பெற்ற கம்பர்லாந்துக் கோமகனின் சிலை அதன்மேல் வைக்கப்பட்டிருந்தது. 1915 இல் அச்சிலை இறக்கப்பட்டது. இன்று அச்சதுக்கம், 1803 இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்துத் தூக்கிலிடப்பட்ட றொபேட் எமெற்றின் பெயரைத் தாங்குகின்றது. தூணை மட்டும் எவரும் இடித்திலர்.

பார்சன்ஸ் குடும்பத்தின் கோட்டை இன்றும் அவர்தம் இல்லமாகவே உள்ளது. அதன் சோலையில் உயர்ந்த இரு கற்சுவர்களுக்கிடையே பெரியதொரு தொலைநோக்கி தொங்குகின்றது. றொஸ் பிரபுக்களுள் மூன்றாமவரான வில்லியம் பார்சன்ஸ் அதனை அமைத்தார். ஆறடி விட்டமும் ஏறத்தாழ மூன்று தொன் நிறையுமுடைய அதன் ஆடி, செம்பும் வெள்ளீயமும் கலந்து, புற்கரி எரித்த உலைகளில் உருக்கி வார்க்கப்பட்டது. அப்பணிக்கு அவர் உள்ளூர்த் தொழிலாளரையே பழக்கினார். 1845 ஆம் ஆண்டின் இளவேனிலில், அதன்வழியே நோக்கிய பிரபு, மங்கலான முகில்போல் தோன்றிய வானொளி ஒன்று சுழல் வடிவினது என முதன்முதலாகக் கண்டு வரைந்தார். 1917 வரை உலகில் அதனினும் பெரிய தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வரவில்லை.

ஆனால், அதே 1845 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றியது. ஏழை உழவருக்கு அதுவே உணவு. அடுத்த சில ஆண்டுகளில் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கடல் கடந்தனர். பர் நகரின் ஏழையர் இல்லம் திறக்கப்பட்டு அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. பஞ்சத் துயர் தணிக்கும் பணிகள் முன்நின்றமையால் வானை நோக்கும் வேலையும் தடைப்பட்டது. அண்டத்தின் எல்லையை மனிதன் எட்டிப் பார்த்ததும், அடிவயிற்றின் பசியை அரசு ஆற்ற மாட்டாது நின்றதும் ஒரே ஆண்டின் நிகழ்ச்சிகளாம். இவ்விரண்டையும் சேர்த்தறியாதவர் இந்நகரை அறிந்தவராகார்.

தாழ்வுற்ற மக்கள் தம் மரபை மீட்டெடுத்தமைக்கும் இவ்வூர் சான்று. சாம்பல் மரத்தாலான வளைகோல் கொண்டு பந்தடிக்கும் ஹேர்லிங் என்பது ஐரியரின் தொன்மையான விளையாட்டு. அதனைப் புதுப்பிக்க 1884 இல் சங்கம் நிறுவப்பட்டது. அனைத்து அயர்லாந்துக்குமான முதல் இறுதிப் போட்டி, 1888 ஏப்பிரல் முதலாம் நாள் பர் நகரிலேயே நடைபெற்றது. அதில் டிப்பரெறி அணி கோல்வே அணியை வென்றது. ஆங்கிலப் படைவீடு அருகிருந்த, நிலக்கிழாரின் பெயர் தாங்கிய ஊரில் உழவர் மக்கள் தம் முன்னோரின் ஆட்டத்தை ஆடி நின்றனர். பின்னர்ப் பழம்பெயரே ஊரின் பெயராக நிலைபெற்றது.

பழுதுற்றுக் கிடந்த தொலைநோக்கி 1990 களில் செப்பனிடப்பட்டது. 1968 முதல் ஆகஸ்து மாதந்தோறும் நகர மக்கள் பழமை விழாவொன்று எடுக்கின்றனர். பெருமை தந்ததை மட்டும் பேணி, நோவு தந்ததை மறைப்பது மரபு காத்தலாகாது. சிலையற்ற தூணும், பிரபுவின் தொலைநோக்கியும், பஞ்சத்தின் நினைவும் ஒருங்கே இருக்கும் இடத்திலேதான் அடுத்த தலைமுறை உண்மையைக் கற்கும். படையேந்தாத எளியோரைக் காக்கவெனச் சட்டம் பிறந்த ஊருக்கு அது பொருத்தமான பாடமேயாம்.