மூலிகை நிழலுலர்த்தல், அன்னவாசல் வட்டாரத்தில்

கொல்லையில் வளர்த்த துளசி, நிலவேம்பு, முருங்கையிலை போன்றவற்றை வெயில் படாமல் வீட்டுக்குள் காயவைப்பது நிழலுலர்த்தல். சித்த மருத்துவத்தில் இலைகளுக்கு இம்முறை பரவலாக விதிக்கப்படுகிறது. நேர் வெயிலில் பச்சையம் வெளுக்கும், முருங்கையிலையின் பீட்டா கரோட்டின் சிதையும், துளசியின் மணம் பறந்துவிடும். ஆனால் வெயிலைத் தடுத்துவிட்டாலே வேலை முடிந்தது என்று கருதுவது சரியல்ல. இலையிலிருந்து நீரை வாங்கிக்கொள்வது காற்று. அது எவ்வளவு வாங்கும் என்பதை ஒப்பு ஈரப்பதம் தீர்மானிக்கிறது; வெப்பம் அந்த ஈரப்பதத்தை மாற்றும் கருவி மட்டுமே.

ஒரு கணக்கு இதைக் காட்டும். பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்று கொண்டால், ஒரு கிலோ இலை பொடியாகும் பதத்துக்கு வர ஏறத்தாழ 780 கிராம் நீரை இழக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியான அறையில், 30 பாகை செல்சியஸில், ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தால், காற்று இன்னும் ஏற்கக்கூடிய நீராவி சுமார் 340 கிராம். கதவு சன்னலைச் சாத்தினால் பாதி இலைகூடக் காயாது. அறைக் காற்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கடலிலிருந்து உள்ளே தள்ளியுள்ள அன்னவாசலுக்கு ஆனி, ஆடி மாதங்கள் தோதானவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இழந்த தென்மேற்குக் காற்று வறண்டு வீசும். செம்மண் புழுதி படியாமல் மெல்லிய துணி மூடினால் போதும். சித்திரையில் சிக்கல் வேறு: காங்கிரீட் கூரைக்கு அடியிலுள்ள அறையே கொதிக்கும் என்பதால், மணமுள்ள இலைகளைத் தரைத்தளத்தில் பரப்புவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் உண்மையான சோதனை.

அப்போது மின்விசிறி போதாதா என்று கேட்கலாம். விசிறி இலையை ஒட்டிய ஈரப்படலத்தை விலக்கும், காற்றை உலர்த்தாது. ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் எத்தனை நாள் சுழன்றாலும் இலை பூஞ்சை பிடிக்கும் நிலையிலேயே நிற்கும். அதே காற்றை 30 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்கினால் 80 விழுக்காடு ஏறத்தாழ 46 ஆகக் குறைகிறது. அடியிலும் மேலேயும் துளையிட்ட மரப்பெட்டி, உள்ளே கம்பிவலைத் தட்டு, கீழே பழைய குண்டு பல்பு இதற்குப் போதும் (எல்இடி பல்பு உதவாது, அதில் சூடு குறைவு). அப்படியானால் 60 பாகை வைத்து விரைவாக முடிக்கலாமே என்றால், துளசிக்கு அது வெயிலைவிடக் கெடுதல், எண்ணெய் ஆவியாகிவிடும். 40 பாகையைத் தாண்டாதிருப்பதே அறிவுடைமை. சுண்டைக்காய் வற்றல் சுள்ளென்ற வெயிலில்தானே காய்கிறது என்ற வாதமும் இங்கே பொருந்தாது. அங்கே உப்பும் மோரும் காவல். நிறமும் மணமும் குறைந்தால் யாரும் குறை சொல்வதில்லை.

காம்பு வளையாமல் ஒடிந்தால் பதம் வந்ததாகக் கொள்வது வழக்கம். ஆயினும் இலை மொறுமொறுப்பாகி, தண்டுக்குள் ஈரம் தங்குவதுண்டு. மூடிய கண்ணாடிப் புட்டியில் சிறிய ஈரப்பதமானியுடன் ஒருநாள் வைத்தால் அந்த ஈரம் வெளிப்படும். 60 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் மீண்டும் தட்டில் பரப்ப வேண்டும். 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும்.