பருவமறியாக் கொழுந்து

அஸர் தொழுகைக்கும் மஃரிபு அழைப்புக்கும் இடைப்பட்ட பொழுதை எங்கள் பக்கத்தில் "தேத்தண்ணி நேரம்" என்றாலே எல்லோருக்கும் விளங்கும். தம்புள்ளைப் பகுதியில் அதை வீட்டுக்குள் இருந்து குடிப்பவர்கள் குறைவு. ஓடும் தகரமும் பகல் முழுக்க உறிஞ்சிய வெக்கையை அந்நேரம்தான் உள்ளே இறக்கும். ஆகவே வாங்கும் கதிரையும் வளவுக்கு வந்துவிடும். பாடசாலை விட்டு வந்த ஆசிரியனும், மரக்கறி லொறியிலிருந்து இறங்கியவரும், அயலில் உள்ள சிங்களப் பெரியவரும் ஒரே மாமரத்தின் நிழலில் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து பேசுவதற்கு இதைவிட வசதியான நேரம் நாளில் வேறில்லை.

இந்த வளவுக்குள் ஏறக்குறைய எல்லாம் உண்டு. தென்னை, மா, பலா, முருங்கை, தேசி, வாழை, வேலியோரம் கறிவேப்பிலை, கிணற்றடியில் இஞ்சி. ஆனால் நாம் கூடி இருந்து குடிக்கும் பொருள் மட்டும் இம்மண்ணில் முளைத்ததல்ல. தேயிலைக்கு வேண்டிய குளிரும், ஆண்டு முழுக்க ஈரமும் உலர் வலயத்துக்குக் கிடையாது. அது மாத்தளைக்கு அப்பாலுள்ள மலைகளிலிருந்து இறங்கி வருகிறது. அது இறங்கி வருவதற்கு முன், மலையைத் தோட்டமாக்கிய மனிதர்கள் எங்கள் ஊரைக் கடந்துதான் மேலே ஏறினார்கள். அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பதே என் நோக்கம்.

முதலில் வளவின் பருவங்கள். ஒக்டோபரில் பின்னேரத்து இடியோடு மழை தொடங்கும். வாங்கு தாழ்வாரத்துக்கு நகரும். இஞ்சி தட்டிப்போட்ட வெறும் தேத்தண்ணி அப்போது ருசிக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவக்காற்று. பெரும்போக வயல் பச்சையாய் நிற்கும், பிள்ளைகளுக்குத் தடிமன் பிடிக்கும், கேத்திலில் கொத்தமல்லி கொதிக்கும். பெப்ரவரி, மார்ச் அறுவடைக் காலம். வீட்டுத் தேத்தண்ணி தூக்குவாளியில் ஏறி வயலுக்குப் போகும். ஏப்ரலில் நிழலைத் தேடி வாங்கு மரத்தின் அடிவரை நெருங்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று தன் மழையை மலைகளுக்கு அப்பால் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இங்கு வந்து சேரும். புழுதி பறக்கும், குளம் வற்றும், கோப்பையைச் சிரட்டையால் மூடிவைக்க வேண்டியிருக்கும். சாயத்தில் தேசிக்காய் பிழிந்து குடிப்போம். ஆக, ஒரே தேயிலைக்கு எங்கள் வளவு ஐந்தாறு முகங்களைக் கொடுத்திருக்கிறது.

தேயிலை வருமுன் இவ்வூர்களில் என்ன குடித்தார்கள் என்ற கேள்விக்கு விடை வளவிலேயே இருக்கிறது. சிங்கள அயலவர்கள் பெலிமல் என்று சொல்லும் வில்வம்பூ, ரணவரா எனப்படும் ஆவாரம்பூ, பொல்பலா எனப்படும் தேங்காய்ப்பூக்கீரை, நன்னாரி வேர் ஆகியவற்றைக் காயவைத்து அவித்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது இன்னும் வழக்கில் உண்டு. உலர் வலயத்தின் வெக்கைக்கு உடம்பு கேட்ட பானங்கள் இவை. என் உம்மும்மா தேத்தண்ணியைக் கடைசிவரை "குடிக்கிறது" என்றும், வில்வம்பூ அவித்ததை "மருந்து" என்றும் சொன்னார். அவருக்கு முந்திய தலைமுறையில் இந்தப் பிரிப்பு இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

அடுத்து வந்தது கோப்பி. அதன் கதை முஸ்லிம்களாகிய எமக்கு அயலானதல்ல. 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்க இதனைக் குடித்தனர். அரபியில் கஹ்வா என்ற சொல்லே உலகெங்கும் உருமாறிப் பரவியது. இலங்கையிலும் ஐரோப்பியர் தோட்டம் போடுமுன்பே கண்டிப் பகுதியின் வீட்டு வளவுகளில் கோப்பிச் செடி நின்றது. தவளம் எனப்படும் பொதி மாடுகளோடு ஊரூராகத் திரிந்த முஸ்லிம் வியாபாரிகள், உப்பையும் துணியையும் கருவாட்டையும் கொடுத்து, வளவுகளில் சேர்ந்த பாக்கையும் மிளகையும் நாட்டுக் கோப்பியையும் வாங்கிச் சென்றனர். கரையையும் மலையையும் இணைத்த அத்தொழிலில் எம்மவரின் பங்கைக் கலாநிதி லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூல் விரிவாகப் பேசுகிறது. வளவுக் கோப்பி மா, பலா நிழலில் பத்து மரங்களோடு பதினொன்றாக நின்ற செடி. அதற்கு முதலாளியும் இல்லை, கூலியும் இல்லை.

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனபின் இந்த ஒழுங்கு மாறியது. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டங்கள் 1840களில் வேகமாகப் பெருகின. காடு வெட்டப்பட்டு மலைக்கு மலை ஒரே செடி நடப்பட்டது. அதற்கான கைகள் தமிழகத்தின் இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சை, சேலம் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டன. வள்ளத்தில் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் அங்கிருந்து கால்நடையாகவே மலைக்குப் போக வேண்டும். மதவாச்சி, மிகிந்தலை, கெக்கிராவை, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை என்று நூறு மைலுக்கு மேற்பட்ட அந்த வழியை ஆங்கிலேயர் "வடக்குப் பாதை" என்றனர். மதவாச்சி முதல் மாத்தளை வரை அது ஏறக்குறைய இன்றைய ஏ-9 நெடுஞ்சாலையின் திசையிலேயே சென்றது. நாங்கள் பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் தெரு அது.

கோப்பிக்குப் பருவம் உண்டு என்பதை இங்கு மனதிற் கொள்ள வேண்டும். பழம் பழுப்பது ஆண்டின் பிற்பகுதியில். அதற்கு முன்னர் ஆட்கள் வந்து சேர வேண்டும். அது எங்கள் பிரதேசத்தில் குளம் வற்றி, கலங்கலான தண்ணீர் மட்டும் எஞ்சிக் கிடக்கும் காலம். கங்காணியின் முன்பணக் கடனைத் தலையில் சுமந்து, பிள்ளையை இடுப்பில் வைத்து நடந்தவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தனர். காலராவும் அம்மையும் காட்டுக் காய்ச்சலும் பலரைப் பாதையோரமே வீழ்த்தின. செத்தவர் தொகைபற்றி அக்காலப் பத்திரிகைகளிலேயே கடும் வாதம் நடந்தது. பிற்காலத்தில் பாதையோரம் தங்குமடங்களும் வைத்திய வசதிகளும் அமைக்கப்பட்டன என்பதே, அவை இல்லாமல் எத்தனை ஆண்டுகள் நடந்தார்கள் என்பதற்குச் சாட்சி. கோப்பிக் கால மரணங்களைப்பற்றி டொனவன் மொல்ட்ரிச் 1989இல் ஒரு முழு நூலே எழுதினார். உயிர் தப்பியவர்கள் மலைக்கு ஏறினர். பழம் பறித்து முடிந்ததும் பலர் அதே வழியால் இறங்கி ஊர் திரும்பினர்.

1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. ஒரு வகைப் பூஞ்சை. 1880இல் இதனை ஆராய வந்த மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானி, இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே காற்றில் வந்த நோய்க்கு வழிவிட்டது என்று கண்டார். பத்து மரங்களோடு கலந்து நிற்பதில் என்ன பாதுகாப்பு இருந்தது என்பதை மலைகள் இழப்பின் மூலமே அறிந்தன. 20 ஆண்டுகளுக்குள் கோப்பி ஏறக்குறைய ஒழிந்தது. பட்டுப்போன கோப்பி மரத்தண்டுகளை இங்கிலாந்துக்கு ஏற்றி, தேநீர் மேசைகளுக்குக் கால்களாக்கினர் என்றொரு செய்தி தோட்ட வரலாற்றில் வழங்குகிறது. அந்நாட்டுச் சீமாட்டிகள் பிற்பகல் தேநீர் விருந்தை ஒரு சம்பிரதாயமாக வளர்த்திருந்த காலம் அது.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1824இலேயே சீனத்துச் செடி பேராதனைப் பூங்காவுக்கு வந்திருந்தது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அதைத் தோட்டப் பயிராக்கினார். 1883 யூலை 30இல் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. இவை பாடசாலைப் பிள்ளைகளும் சொல்லக்கூடிய ஆண்டுகள். அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டின் எல்லா மாதத்திலும் கொழுந்து பறிக்க வேண்டும். பறிக்காவிட்டால் முற்றிவிடும். எனவே வந்து திரும்பும் ஆட்கள் போதாது, குடும்பமாகக் குடியிருக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். கோப்பி மனிதரை அழைத்துத் திருப்பி அனுப்பியது. தேயிலை அவர்களை லயத்தில் நிறுத்திவைத்தது. 1880இல் மாத்தளைக்கும் 1914இல் தலைமன்னாருக்கும் புகையிரதம் வந்தபின் கால்நடைப் பயணம் மறைந்தது. நடந்தவர்களின் நினைவும் எங்கள் ஊர்களிலிருந்து மறைந்தது.

அதன்பின் தேயிலை எங்களிடம் இறங்கி வந்தது. சொல்லிலேயே அதன் வழி தெரிகிறது. வடசீனத்திலிருந்து தரைவழி போனது பாரசீகத்தில் சாய் ஆகி, அரபியில் ஷாய் ஆயிற்று. தென்சீனத் துறைமுகத்து "தே" ஒல்லாந்தர் கப்பல்வழியே உலகு சுற்றியது. கடல் சூழ்ந்த நாம் அந்தத் "தே"யோடு தண்ணீரைச் சேர்த்துத் தேத்தண்ணி ஆக்கினோம். நல்ல தேயிலை கப்பலேறியது. சந்திக் கடைகள் வழியே கிராமத்துக்கு வந்தது பெரும்பாலும் தூள். அந்தத் தூளிலேயே சாயம் இறக்கி, சீனி தட்டுப்பட்ட 1970களில் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நக்கிக் குடித்ததாக வாப்பா சொல்வார். அடுத்த பஞ்சத்தை நாமே கண்டோம். 2021இன் பிற்பகுதியிலிருந்து பால்மாவும் கேஸும் கிடைக்காமற்போய், கடைகளில் பால் தேத்தண்ணி நின்றது. 2022இல் வளவு மூலைகளில் மூன்று கல் அடுப்புகள் மீண்டும் புகைந்தன. ஆனாலும் தேத்தண்ணி நேரம் நின்றுபோகவில்லை. வெறும் சாயத்தோடு அது நடந்தது.

பிள்ளைகளுக்கு நான் ஒரு கணக்குக் கொடுப்பதுண்டு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் தூள் போதும். ஒரு பெண் நாளொன்றில் 18 கிலோ கொழுந்து எடுத்தால் எத்தனை கோப்பை? விடை இரண்டாயிரம். அந்த நாளுக்கு அவர் பெற்ற கூலி, நெடுநாள் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் ஆயிரம் ரூபாவாக்கப்பட்டது. அப்படியானால் ஒரு கோப்பைக்கு அவர் பங்கு ஐம்பது சதம். கணக்கு முடிந்ததும் வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருக்கும். பிறகு ஒரு பிள்ளை கேட்கும்: "சேர், மழை நாளில் அவங்க எங்க இருந்து தேத்தண்ணி குடிப்பாங்க?"

அக்கேள்விக்கு வரலாற்றின் பதில் கசப்பானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் பிரச்சினையைத் தீர்க்க 2003வரை சட்டம் தேவைப்பட்டது. நாம் வளவு என்கிறோமே, வாங்கு போட ஒரு மரநிழல், முருங்கை ஊன்ற ஒரு வேலியோரம், அந்தச் சொந்த நிலம் லயக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் கிட்டவில்லை. பருவத்துக்கேற்ப வாங்கை நகர்த்தி உட்கார்வது ஒரு சுகம் மட்டுமல்ல, அது ஓர் உரித்து. பருவமே இல்லாத கொழுந்தைப் பறிப்பவருக்கு அது வாய்க்காமல் இருக்கையில், நமது ஓய்வு நேரத்தை நமக்கு மட்டும் உரியதாக எண்ணுவது நியாயமாகாது.

மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் என 2023இல் நினைவுகூரப்பட்டது. அவ்வருடம் யூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. அதே பாதை, அதே வரட்சிக் காலம். எங்கள் ஊரவர் சிலர் தெருவோரம் வாளி வைத்து நடந்தவர்களுக்குத் தேசிக்காய்ச் சாயம் ஊற்றிக் கொடுத்தார்கள். "யார் இவங்க, எங்க போறாங்க?" என்று கேட்ட இளைஞர்களுக்கு அங்கிருந்த முதியவர்களாலும் ஓரிரு வரிக்கு மேல் சொல்ல முடியவில்லை.

தவளத்தோடு திரிந்த எம் முன்னோரும், கடன் துண்டோடு நடந்த அவர்களும் இப்பகுதியின் ஒரே காட்டு வழிகளில், ஒரே அம்பலங்களில் தங்கியவர்கள். அவர்கள் எதிரெதிரே சந்தித்திருப்பார்கள், உப்பும் தண்ணீரும் மாறியிருப்பார்கள். இச்சந்திப்பு எமது வரலாற்றுக் கட்டுரைகளில் இன்னும் எழுதப்படவில்லை. கெக்கிராவை முதல் மாத்தளை வரை பாதையோர ஊர்களில் பழைய கிணறுகளும் அம்பலத் திட்டுகளும் பெயர் மறந்த மேடுகளும் உள்ளன. அவற்றைப்பற்றி எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதற்குப் பெரிய நிதியோ நிறுவனமோ தேவையில்லை. பின்னேரத்தில் அவர்களுடைய வளவுக்குப் போய் உட்கார்ந்தால் போதும். தேத்தண்ணியை அவர்களே தருவார்கள்.