கடலோர இறால் பண்ணைகளும் உரிமம் வழங்கும் அதிகாரமும்

மீன்பிடி தொழிலை நெறிப்படுத்தும் அதிகாரம் யாருக்கு உரியது என்னும் வினாவிற்கு இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணை இரண்டு விடைகளைத் தருகிறது. ஆட்சிக்கடல் எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்வளம் ஒன்றியப் பட்டியலின் 57ஆம் பதிவிலும், ஏனைய மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆம் பதிவிலும் அடங்கும். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடிமருந்தும் நஞ்சும் இட்டு மீன் கொல்வதைத் தடுத்தது. கரையில் குளம் வெட்டி, உவர்நீர் பாய்ச்சி இறால் வளர்க்கும் பெருந்தொழிலை அச்சட்டம் எண்ணிப் பார்த்திருக்க இயலாது.

1990களின் தொடக்கத்தில் அத்தொழில் ஆந்திர, தமிழகக் கடற்கரைகளில் விரைந்து பரவியது. அண்டை நன்செய் உவர்ப்பேறியது. குடிநீர்க் கிணறுகள் கெட்டன. மீனவர் கடலுக்குச் செல்லும் வழிகள் அடைபட்டன. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்தை நாடினார். வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே தமிழக அரசு 1995இல் தனிச்சட்டம் இயற்றியது. ஆயினும் மாநிலம் உரிமம் தரலாமா என்பதைக் காட்டிலும், 1991 பிப்ரவரி 19 நாளிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை மீறிப் பண்ணை அமையலாமா என்பதே நீதிமன்றத்தின் முதன்மை வினாவாயிற்று. 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக, அம்மண்டலத்திலுள்ள இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்றப் பணித்தது. சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1000 மீட்டருக்குள் தடை விதித்தது. உரிமம் வழங்கத் தனி ஆணையம் அமைக்கவும் ஆணையிட்டது. மறுஆய்வு மனுக்கள் தாக்கலாயின; அகற்றும் ஆணை முழுமையாக நிறைவேறவில்லை. ஆணையம் மட்டும் 1997 பிப்ரவரியில் தோன்றியது.

இதன்பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், அறிவிக்கையின் தடை இத்தொழிலுக்குப் பொருந்தாது என ஒரு தொடரைச் சேர்த்து, அத்தொடர் 1991 முதலே இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்பு ஊன்றி நின்ற தரையே இவ்வாறு பின்னோக்கிப் பெயர்க்கப்பட்டது. மாவட்டக் குழு ஆய்ந்து பரிந்துரைக்கும். பதிவுச் சான்றைச் சென்னையிலுள்ள ஆணையமே வழங்கும். அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பொருளாகவே எழுதப்பட்டிருக்க, மாநில அலுவலருக்குக் கிட்டியது பெரிதும் பரிந்துரைக்கும் பணியே. பிற்காலக் கடற்கரை அறிவிக்கைகளால் எழுந்த ஐயத்தை 2023ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கி, இத்தொழில் அம்மண்டலத்தில் அனுமதிக்கப்பட்டதே எனத் தெளிவுபடுத்தியது. பதிவின்றிப் பண்ணை நடத்துவோர்க்கு 2005இல் விதிக்கப்பட்ட மூன்றாண்டு வரையிலான சிறையும் அத்திருத்தத்தால் பணத்தண்டமாக மாறியது.