உருண்டைப் படுகை: அணுக்கரு இணைவு உலைகளில் அதன் வெப்ப-யந்திர இயல்பு

டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்து சக்தி தரும் உலையில், அரை ஆயுள் 12.3 ஆண்டுகளேயாதலால் இயற்கையில் திரண்டு கிடைக்காத டிரிட்டியத்தை உலையே உண்டாக்கிக்கொள்ளும் பொருட்டு, பிளாஸ்மாவைச் சூழ்ந்த போர்வைப் பகுதியின் எஃகு அறைகளில் நிரப்பப்படும் லித்தியப் பீங்கான் உருண்டைகளின் திரளே உருண்டைப் படுகை எனப்படும். உருண்டைகள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை. லித்தியம் டைட்டனேட்டும் லித்தியம் ஆர்த்தோசிலிகேட்டும் மிகுதியாக ஆராயப்பட்ட பொருள்கள். லித்தியம்-6 நியூட்ரானை ஏற்றுப் பிளவுறுகையில் 4.8 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வெளிப்படும்; அந்த உஷ்ணம் படுகையைக் கடந்து சுவரை அடைய வேண்டும், பிறந்த டிரிட்டியமோ இடைவெளிகளில் செலுத்தப்படும் ஹீலியத்துடன் வெளியேற வேண்டும்.

1986-இல் தனி நிறுவனமான காந்திநகர்ப் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், பன்னாட்டு இணைவு உலையான ஐட்டரை முன்னிட்டு வகுத்த சோதனைப் போர்வையில், லித்தியம் டைட்டனேட் படுகைகளுக்கிடையே உருகிய ஈய-லித்தியக் கலவை ஓடுமாறு அமைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் யந்திரப் பொறியியல் துறையில் ரத்னகுமார் அன்னபத்துலாவும் அவருடைய மாணவர்களும், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளரோடு சேர்ந்தும் தனித்தும், இத்தகைய படுகைகளின் நசுங்கலையும் வெப்பக் கடத்தலையும் கணித மாதிரிகளாக்கியுள்ளனர்.

நல்லமிளகை நாழியில் அளந்தவர்க்கு, தட்டிக் குலுக்கினால் அதே நாழி மேலும் சிறிது கொள்ளும் என்பது தெரியும். ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒழுங்கின்றிக் கொட்டிக் குலுக்கினாலும் அவை கொள்கலத்தில் சுமார் 64 சதவீதத்துக்கு மேல் நிரம்புவதில்லை. எஞ்சிய வெளியே படுகையின் குணங்களை நிர்ணயிப்பது. திண்மம் போல எங்கும் சீராகப் பரவாமல், விசை சில உருண்டைகளின் சங்கிலி வழியாகவே செல்வதால், அருகருகே உள்ளவற்றில் ஒன்று நொறுங்க மற்றொன்று பாரமே அறியாதிருக்கும். முதல் அழுத்தத்தில் உருண்டைகள் இடம்பெயர்ந்து நெருங்குகின்றன. அழுத்தத்தை அகற்றினாலும் அந்த நெருக்கத்தின் பெரும்பகுதி மீள்வதில்லை.

உலை சூடேறும்போது உருண்டைகள் விரிய முயல, சுவர் தடுக்க, படுகையில் தகைவு எழும். குளிரும்போது முன்பே நெருங்கிவிட்ட படுகை சுவரைவிட்டு விலகி இடைவெளி தோன்றக்கூடும், அப்போது உஷ்ணம் சுவரை அடைவது தடைப்படும். உலை விட்டுவிட்டு இயங்குமானால் இது மீண்டும் மீண்டும் நிகழும். ஆகவே உஷ்ணத்தை ஒரு கணக்காகவும் விசையை வேறொரு கணக்காகவும் போட்டுவிட்டுக் கூட்டிக்கொள்ளலாம் என்பது வசதியான பிழையே.

எனினும் உஷ்ணத்துக்கும் விசைக்கும் உள்ள இந்தப் பரஸ்பரச் சார்பு எல்லாப் பொருளுக்கும் ஒன்றன்று. பீங்கானின் வெப்பக் கடத்தல் ஹீலியத்தினுடையதைவிடச் சில மடங்கே அதிகமாதலால், நெருக்கினாலும் படுகையின் கடத்தல், மீட்டர்-கெல்வினுக்கு 1 வாட் என்னும் அளவை ஒட்டியே நிற்கிறது. நியூட்ரான்களைப் பெருக்க வைக்கும் பெரிலிய உருண்டைகளிலோ உலோகம் வாயுவினும் பன்மடங்கு நன்கு கடத்துவதால், தொடுபரப்புச் சிறிது விரிந்தாலே கடத்தல் வெகுவாக உயர்கிறது. இடைவெளி மிகச் சிறுத்து வாயு மூலக்கூறின் மோதலிடைத் தொலைவை நெருங்கும்போது வாயுவின் கடத்தலும் குன்றும். ஸ்மொலுகோவ்ஸ்கி விளைவு எனப்படும் இதனைச் சென்னைக் குழுவினர் 2019-இல் தம் கணக்கில் சேர்த்தனர்.

இவற்றைக் கணிக்கும் மாதிரிகள் இருவகை. 1979-இல் குண்டால், ஸ்டிராக் என்போர் வெளியிட்ட தனித்துகள் முறை, ஒவ்வோர் உருண்டையையும் அதன் அண்டை உருண்டையோடு ஹெர்ட்ஸ் 1882-இல் தந்த தொடுகை விதி போன்றதொன்றால் இணைத்துப் பின்தொடரும். உண்மைக்கு நெருங்கியதாயினும், அறையிலுள்ள அத்தனை உருண்டைகளுக்கும் செய்வதற்குக் கணினி திணறும். மற்றது படுகை முழுவதையும் ஒரே தொடர் பொருளாகப் பாவித்து, மண் விசையியலில் வழங்கும் நெகிழ்வு விதிகளைப் பொருத்துவது. இதனை நம்பும் பொறியாளர், அவ்விதிக்கு வேண்டிய எண்களை அழுத்தச் சோதனையிலிருந்தோ முதல் முறையிலிருந்தோ பெற்றாக வேண்டும். உருண்டை உடைந்து உண்டாகும் துகள்கள் ஹீலியத்தின் பாதையை அடைப்பதும், உயர்ந்த உஷ்ணத்தில் உருண்டைகள் மெல்லத் தளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டுவதும், நியூட்ரான் தாக்குதலால் பொருளே மாறுவதும் இவ்விரு முறைகளிலும் இன்னும் முழுமையாக அடங்கவில்லை.