பின்னால் நிற்பவர்: அமெரிக்கக் காற்பந்தில் பின்கள நடுவரின் வரலாறு



நம் பள்ளித் திடல்களில் ஆடப்படும் காற்பந்து வேறு; அமெரிக்கர் காற்பந்து என்று பெயரிட்டு அழைக்கும் ஆட்டம் வேறு. அதனில் பந்து பெரும்பாலும் கையால் சுமக்கப்படுகிறது, கையால் எறியப்படுகிறது. அவ்வாட்டத்தை நன்கு அறியாதவர்க்கும் அதன் நடுவர்களின் வரலாறு சிந்தனைக்குரியது. ஒரு காலத்தில் மூவர் மட்டுமே நடுவராக நின்ற திடலில் இன்று எழுவர் நிற்கின்றனர். இந்த வளர்ச்சி ஏன் ஏற்பட்டது? ஆட்டக்காரர் அனைவருக்கும் பின்னால், பந்திலிருந்து வெகு தொலைவில் ஒருவரை நிறுத்த வேண்டிய தேவை எங்ஙனம் எழுந்தது? அவரை ஆங்கிலத்தில் 'பேக் ஜட்ஜ்' என்பர். இக்கட்டுரையில் அவரைப் பின்கள நடுவர் எனக் குறிப்போம்.

தொடக்ககால ஆட்டமும் நடுவரும்

1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகளும் மோதிய ஆட்டமே அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அணிக்கு 25 பேர் ஆடினர். 1880ஆம் ஆண்டில் வால்டர் கேம்ப் என்பாரின் முயற்சியால் அந்த எண்ணிக்கை 11 ஆகக் குறைக்கப்பட்டது. பந்து ஓர் அணியின் உடைமையாக இருந்து, ஒரு கோட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்கும் முறையும் அப்பொழுதே வந்தது.

அக்கால ஆட்டங்களில் அணிக்கு ஒருவராக இரு தீர்ப்பாளரும், இருவருக்கும் பொதுவாக ஒரு மத்தியஸ்தரும் இருந்தனர். அணி சார்ந்த தீர்ப்பாளர் தத்தம் அணிக்காகவே வாதாடினர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! ஒரு பக்கத்தைச் சார்ந்தவர் நடுவராக இருத்தல் இயலாது என்னும் எளிய உண்மையை அவ்வாட்டம் பட்டறிந்தே கற்றுக்கொண்டது. பின்னர் எவ்வணியையும் சாராத நடுவர்கள் நியமிக்கப்பட்டனர்.

எறிதல் வந்தது, களம் விரிந்தது

ஆட்டக்காரர் கூட்டமாகக் கைகோத்து மோதும் முறையால் அக்கால ஆட்டம் மிகக் கொடியதாக இருந்தது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 18 பேர் உயிரிழந்ததாகச் செய்தித்தாள்கள் கணக்கிட்டன. அவ்வாண்டு அக்டோபர் 9ஆம் நாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் சார்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு, 1906இல், விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறியலாம் என்னும் விதி அவற்றுள் தலையாயது.

இவ்வொரு விதி திடலின் தன்மையையே மாற்றிற்று. அதுவரை ஆட்டம் முழுவதும் பந்தைச் சுற்றிய சிறு வட்டத்துள் அடங்கியிருந்தது. அருகில் நின்ற இரண்டொருவர் கண்ணே போதுமானதாயிற்று. எறிதல் வந்தபின், பந்து கண்ணிமைப்பில் 30 கெஜத்துக்கு அப்பால் போய் இறங்கியது. அங்கே பந்தைப் பிடிக்க ஓடுபவன் ஒருவன். அவனைத் தடுக்க ஓடுபவன் ஒருவன். யார் யாரைத் தள்ளினார், பந்து தரையைத் தொட்டதா என்பதையெல்லாம் தொடக்கக் கோட்டருகே நிற்பவர் எப்படிக் காண்பார்?

1920ஆம் ஆண்டில் தோன்றி, 1922இல் தேசியக் காற்பந்து லீக் எனப் பெயர்பெற்ற தொழில்முறை அமைப்பில் நடுவர் எண்ணிக்கை உயர்ந்த வரலாறு இதற்குச் சான்றாகும்.

1920: தலைமை நடுவர், அம்பயர், தலைமைக் கோட்டு நடுவர் என மூவர்.
1929: 'ஃபீல்ட் ஜட்ஜ்' சேர்ந்து நால்வர்.
1947: 'பேக் ஜட்ஜ்' சேர்ந்து ஐவர்.
1965: 'லைன் ஜட்ஜ்' சேர்ந்து அறுவர்.
1978: 'சைட் ஜட்ஜ்' சேர்ந்து எழுவர்.

1978ஆம் ஆண்டைக் கவனியுங்கள். எறிதலை எளிதாக்கும் வகையில், பந்து பிடிக்க ஓடுபவனை 5 கெஜத்துக்கு அப்பால் இடித்துத் தடுத்தல் கூடாது என்னும் விதி அவ்வாண்டில்தான் வந்தது. ஏழாம் நடுவரும் அவ்வாண்டிலேயே வந்தார். விதி விரிந்தவிடத்துக் கண்ணும் விரிய வேண்டியதாயிற்று.

பழைய நூல்களைப் படிப்போர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1998ஆம் ஆண்டில் அந்த லீக், கல்லூரி ஆட்டங்களின் வழக்கத்தையொட்டி இரு பெயர்களை இடம் மாற்றிக்கொண்டது. அதற்கு முன் நடுப்பின்களத்தில் நின்றவர் 'ஃபீல்ட் ஜட்ஜ்' எனப்பட்டார். அவரே இன்று 'பேக் ஜட்ஜ்'. ஆகவே, இன்றைய பின்கள நடுவரின் பணி 1929இல் தொடங்கியது. பெயர் 1998இல் வந்து சேர்ந்தது.

அவர் நிற்கும் இடமும் ஆற்றும் பணியும்

திடலின் அகலம் 160 அடி. நீளம் 100 கெஜம். இரு முனைகளிலும் 10 கெஜ இறுதிப் பகுதி உண்டு. பின்கள நடுவர் தடுக்கும் அணியின் பக்கத்தில், பந்திலிருந்து ஏறத்தாழ 20 முதல் 25 கெஜம் தள்ளி, அகலத்தின் நடுவே நிற்கிறார். தடுப்பாளருள் மிகவும் பின்னால் நிற்பவனுக்கும் பின்னால் அவர் நிற்க வேண்டும். எவனும் தம்மைக் கடந்து பின்னால் செல்ல விடலாகாது என்பது அவர்க்குரிய முதற்பாடம். ஆட்டம் முன்னேற முன்னேற அவர் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். ஆட்டக்காரன் எல்லைக்கோட்டை அடையும் முன் நடுவர் அங்கு இருத்தல் வேண்டும்.

ஆட்டம் தொடங்குமுன் அவர் தடுக்கும் அணியினரை எண்ணுகிறார். 11 பேருக்கு மேல் இருப்பின் குற்றம். அடுத்து, தொடக்கக் கடிகாரத்தைக் கவனிக்கிறார். 40 அல்லது 25 விநாடிக்குள் பந்து ஆட்டத்துக்கு வர வேண்டும். கடிகாரம் சுழியத்தைத் தொட்டதும் அவர் பார்வை பந்தின்மேல் திரும்பும். பந்து இன்னும் அசையாதிருப்பின் கொடியை எறிவார். தண்டம் 5 கெஜம். ஒருவர் ஒரே நேரத்தில் கடிகாரத்தையும் பந்தையும் காண இயலாது. ஆதலால் சுழியம் தோன்றிய நொடிக்கும் தீர்ப்புக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. பார்வையாளர் இதைக் குறைகூறுவர். ஆயினும் அது மனிதக் கண் திரும்புவதற்குரிய நேரமேயாம்.

பந்து எறியப்பட்டால், தமக்கு ஒதுக்கப்பட்ட ஆட்டக்காரரை அவர் காண்கிறார். பறக்கும் பந்தைக் காண்பதில்லை. அரங்கத்தில் உள்ள அனைவரும் அண்ணாந்து பந்தைப் பார்க்கையில், அவர் மட்டும் இருவர் கைகளையும் தோள்களையும் பார்க்கிறார். குற்றம் நிகழ்வது அங்கேதான். பந்து பிடிக்கப்பட்டதா, தரையில் பட்டதா, பிடித்தவன் காலடிகள் இறுதிக்கோட்டுக்குள் இருந்தனவா என்பன அவர் தீர்ப்புக்குரியவை.

பந்தை நெடுந்தொலைவு உதைத்தளிக்கும்போது, அதைப் பிடிக்கக் காத்திருப்பவனுக்கு அருகில் அவர் நிற்கிறார். இரு கம்பங்களுக்கிடையே உதைத்துப் புள்ளி பெற முயலும்போது அவரும் இன்னொரு நடுவரும் கம்பத்துக்கு ஒருவராக அடியில் நின்று அண்ணாந்து நோக்குகின்றனர். ஒருவரையொருவர் கண்ணால் கலந்த பின்னரே இருவரும் ஒருங்கே கையை உயர்த்துவர்.

கொடியின் வரலாறும் சுவையானது. முன்னர் நடுவர்கள் குற்றத்தைக் குறிக்க ஊதுகொம்பும் ஊதலும் பயன்படுத்தினர். அரங்கின் இரைச்சலில் அவை பலர்க்குக் கேட்கவில்லை. 1941ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்து யங்ஸ்டவுன் கல்லூரியின் பயிற்றுநர் டுவைட் பீடி, நடுவர்கள் துணிக்கொடி எறிவதை முதன்முதலாக நடைமுறைப்படுத்தினார். 1948இல் தேசிய லீக்கும் அதனை ஏற்றுக்கொண்டது. ஆட்டத்தை நிறுத்தாமலே குற்றத்தைக் குறிக்க வழி பிறந்தது.

கம்பத்தின் கீழ் ஏன் இருவர்?

1965ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கிரீன் பே, பால்டிமோர் அணிகள் மோதின. ஆட்டம் முடியும் தறுவாயில் கிரீன் பே அணியின் டான் சாண்ட்லர் உதைத்த பந்து கம்பத்தின் நுனிக்கும் மேலாகப் பறந்தது. உள்ளே சென்றதா, வெளியே சென்றதா? சென்றது எனத் தீர்ப்பாயிற்று. 10க்கு 10 எனச் சமநிலை ஏற்பட்டு, கூடுதல் நேரத்தில் கிரீன் பே 13க்கு 10 என வென்றது. பால்டிமோர் அணியினர் அத்தீர்ப்பை நெடுங்காலம் ஏற்கவில்லை.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது தீர்ப்பின் சரிதவறு அன்று. அதன் பின் நடந்ததே. 1966இல் கம்பங்கள் குறுக்குச் சட்டத்துக்கு மேல் 20 அடியாக உயர்த்தப்பட்டன. ஒளிர்மஞ்சள் நிறம் பூசப்பட்டது. கீழே இரு நடுவர் நிறுத்தப்பட்டனர். நடுவரை ஏசுவதோடு நிற்காமல், அவர் நன்கு காண்பதற்கு வழி செய்தனர்.

இருவர் நின்றும் குழப்பம் நேர்ந்த நாள் ஒன்றுண்டு. 2012ஆம் ஆண்டில் ஊதியம், ஓய்வூதியம் பற்றிய பிணக்கால் லீக் தன் வழக்கமான நடுவர்களை வெளியே நிறுத்திவிட்டு மாற்று நடுவர்களைக் கொண்டு ஆட்டங்களை நடத்தியது. செப்டம்பர் 24ஆம் நாள் சியாட்டிலில், கிரீன் பே அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிப் பந்து இறுதிப் பகுதியில் விழுந்தது. இரு அணியினர் கைகளும் அதைப் பற்றின. அருகருகே நின்ற இரு நடுவருள் ஒருவர் புள்ளி என்று கைகளை உயர்த்தினார். பின்கள நடுவரோ ஆட்டம் நின்றது என்று தலைக்குமேல் கைகளை அசைத்தார். இருவரும் ஒருவரையொருவர் கலக்கவில்லை. சியாட்டில் 14க்கு 12 என வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டக்காரன் எதிரியைத் தள்ளிய குற்றம் ஒன்று கண்டுகொள்ளப்படவில்லை என்பதை மறுநாள் லீக்கே ஒப்புக்கொண்டது. இரு நாளில் உடன்பாடு ஏற்பட்டுப் பழைய நடுவர்கள் திரும்பினர். பலர் எளிதென்று எண்ணிய வேலைக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை அந்த ஒரு நொடி ஊருக்கு உணர்த்திற்று.

ஓர் ஆசிரியர், ஒரு நடுவர்

ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய பெயர் பர்ல் டோலர். 1951ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி ஆடிய 9 ஆட்டங்களிலும் வென்றது. அவ்வணியில் டோலர், ஆலி மேட்சன் என்னும் கறுப்பின வீரர் இருவர் இருந்தனர். அவ்விருவரையும் விட்டுவிட்டு வந்தால் பருவ இறுதி ஆட்டத்துக்கு அழைப்புக் கிடைக்கும் என்ற நிலை வந்தது. அணியினர் ஒருமனதாக மறுத்தனர். வெற்றி அணி வீட்டிலேயே இருந்தது.

முழங்காலில் நேர்ந்த காயத்தால் டோலரின் ஆட்ட வாழ்க்கை முடிவுற்றது. அவர் ஆசிரியரானார், பின்னர் சான் பிரான்சிஸ்கோ மாவட்டத்து இடைநிலைப் பள்ளிகளின் முதல் கறுப்பினத் தலைமையாசிரியரானார். 1965இல் தேசியக் காற்பந்து லீக்கின் முதல் கறுப்பின நடுவராகவும் நியமிக்கப்பட்டார். அன்று 'ஃபீல்ட் ஜட்ஜ்' எனப்பட்ட பணியிலும், தலைமைக் கோட்டு நடுவர் பணியிலும் 25 பருவங்கள் தொண்டாற்றினார். 1980இல் சூப்பர் பவுல் இறுதியாட்டத்திலும் நடுவராக நின்றார். வார நாள்களில் பள்ளி. வார இறுதியில் திடல். எந்த ஆட்டம் தம்மை நிறத்தால் விலக்கியதோ, அதே ஆட்டத்தில் நிறம் பாராமல் நீதி வழங்கும் பொறுப்பை அவர் ஏற்றார். 2009இல் மறைந்தார்.

நாம் பெறும் சிந்தனை

'நடு' என்னும் சொல்லிலிருந்தே நடுவர் என்னும் சொல் பிறந்தது. பின்கள நடுவர் அகலத்தால் நடுவிலும், ஆழத்தால் அனைவர்க்கும் பின்னாலும் நிற்கிறார். கூட்டத்தோடு ஒட்டாமலும், நிகழ்வதைக் காண இயலாத அளவுக்கு விலகாமலும் நிற்பதே அவர் கலை. மாணாக்கர் பூசலைத் தீர்க்க நாம் செல்லும்போது, பெரும்பாலும் நம் கண் சத்தம் எழுந்த இடத்தை நோக்கியே செல்கிறது. சத்தம் எழுவதற்கு முன் யார் கை நீண்டது என்பதைக் கண்டவரே நேர்மையாகத் தீர்ப்பளிக்க முடியும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் நடுவராக நிற்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் முன் இழித்துரைப்பதைத் தவிர்ப்போம். குறை காணின், அடுத்த ஆண்டு இன்னொரு நடுவரை நிறுத்த, கோட்டைத் தெளிவாக வரைய, முன்பயிற்சி அளிக்க உதவுவோம். 1966இல் கம்பத்தை உயர்த்தியவர்கள் செய்தது அதுவே.